பேச்சு இல்ல, காத்து

இங்கன ஆளு வருதா தாயி? வரல்லியா? அப்பம் கொஞ்சம் உள்ள தள்ளிக்கிடு. ஜன்னலோரத்து அக்கா நல்லா தூங்குதாவ, தூங்கட்டும், நாம எழுப்ப வேண்டாம். அப்பாடா. நீ எதுவரைக்கும்? திருச்செந்தூரா? நல்லதாப் போச்சு. நாங்க குரும்பூர்ல எறங்கிருவோம். அதுவரைக்கும் உனக்குப் பேச்சுத் துணைக்கு ஆளாச்சு.

நான் பொதுவா பஸ்ஸுல யார்கிட்டயும் பேசமாட்டேன். எங்க ஊர்ல வந்து கேட்டுப் பாரு, மேபலா, அது வாயில்லாப் பூச்சின்னு சொல்லுவாவ. இன்னைக்குத்தான் என்னமோ வாய் நிக்க மாட்டேங்கு. பஸ் ஸ்டாண்டுல பழக்கடைக்காரன் ரெண்டு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்கோங்கன்னான், மூணு சீப்பு வாங்கிட்டேன். இந்தா, ஒண்ணு சாப்பிடு. சாப்பிடு தாயி, மயக்க மருந்தெல்லாம் போடல.

அந்தா, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டுல, கழுத்துல பச்சைத் துண்டு சுத்தி ஒரு ஆளு நட்டமா உக்காந்திருக்காவல்லா? அவியதான் எங்க வீட்டுக்காரவிய. பொன்சிங்னு பேரு. கரண்டு ஆபீசுல லைன்மேன். பக்கத்துல எடம் காலியாத்தான் கெடக்கு, பாத்தியா? அதுல எக்ஸ்ரே கவரை வச்சிருக்காவ. பொண்டாட்டி உக்கார வேண்டிய எடத்துல எக்ஸ்ரே! நான் போயி நின்னேன். கவரை எடுக்கல. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டாவ. நாலு நாளா என்கூடப் பேச்சு கெடையாது.

எனக்கு அதுல வருத்தம்னு நெனைக்கியா? சிரிப்பா வருது தாயி. மூணு வாரத்துக்கு முன்னால செத்துருக்க வேண்டிய ஆளு. இன்னைக்குத் தன் கையால கவரைத் தூக்கி வச்சு, தன் கழுத்தைத் திருப்பி, என்கூடக் கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்காவ. இதுக்கு மேல என்ன வேணும் எனக்கு?

சாதாரணக் காய்ச்சல்னுதான் ஆரம்பிச்சுது. ஓடைக்கரையில கம்பி மேல கருவேல மரம் சாஞ்சிருச்சுன்னு ரெண்டு நாளு புதருக்குள்ள நின்னு வெட்டியிருக்காவ. அங்க ஒரு பூச்சி. பூச்சின்னா கண்ணுக்கே தெரியாதாம், அவ்வளவு சின்னது. அக்குள்ல கடிச்சிருக்கு. கடிச்ச எடத்துல சிகரெட்டால சுட்டாப்ல கறுப்பா ஒரு வடு. அதை முதல்ல கண்டுபிடிச்சது ஆஸ்பத்திரியில அமலோற்பவம் சிஸ்டர். இருவத்தேழு வருசம் கூட வாழுதேன், எனக்குத் தெரியல. நான் என்ன அக்குளையா பாத்துக்கிட்டு இருப்பேன்?

ஆறாவது நாளு மூச்சு எரைக்க ஆரம்பிச்சிட்டு. ரெண்டு வார்த்தை பேசி ஒரு மூச்சு, ஒரு வார்த்தை பேசி ரெண்டு மூச்சு. பாளையங்கோட்டைக்குக் கொண்டாந்தோம். எக்ஸ்ரே படத்தைப் பாத்தா ரெண்டு நுரையீரலும் வெள்ளை வெளேர்னு இருக்கு. நான் வெள்ளையா இருந்தா நல்லதுன்னு நெனச்சேன். கறுப்பா இருக்கணுமாம், கறுப்புன்னா காத்து, வெள்ளைன்னா தண்ணி. அன்னைக்கே தொண்டையில குழாயைச் செருகி மெஷின்ல போட்டுட்டாவ. வெண்டிலேட்டர். பையன் கப்பல்ல இருக்கான், நடுக்கடல்ல. நான் ஒருத்திதான். கையெழுத்துப் போடுங்கன்னாவ, போட்டேன். பேரை எழுதச் சொன்ன எடத்துல எங்க அப்பா பேரை எழுதிட்டேன். அப்படி இருந்துச்சு அன்னைக்கு.

ஐ.சி.யூ.வுக்குள்ள சாயந்தரம் நாலு மணிக்குப் பதினஞ்சு நிமிசம் விடுவாவ. மொத நாளு போயி நின்னேன். ஆளு மயக்கத்துல கெடக்காவ, நெஞ்சு மட்டும் மெஷின் சொன்னபடி எழும்புது, தாழுது. அமலோற்பவம் சிஸ்டர் சொன்னாவ, "சும்மா நிக்காதிய, பேசுங்க. மயக்கத்துலயும் காது கேக்கும்னு சொல்லுவாவ." எனக்கோ பேச வராது. இருந்தாலும் சொல்லுதாவளேன்னு, வீட்டுல கரண்டு பில் வந்தது, ஆடு குட்டி போட்டது, பக்கத்து வீட்டு ரோசம்மா மகளுக்கு மாப்பிள்ளை பாக்கது, அந்த மாப்பிள்ளைக்கு முன்வழுக்கை, அதை அவிய போட்டோவுல மறைச்சது, இப்படி ரெண்டு வார்த்தை சொன்னேன். சிஸ்டர் வந்து, "அம்மா, நாலே முக்கால் ஆகுது"ன்னாவ.

ரெண்டு நாளு அப்படிப் போச்சு. மூணாவது நாளு சொல்லதுக்குச் சேதி தீந்துபோச்சு. அப்பந்தான் தாயி, அந்தப் பழைய விசயம் நெஞ்சுல வந்து நின்னுது.

அது என்னன்னா, எங்க வீட்டுக்காரவியளுக்குப் பாட்டுன்னா உசுரு. கோயில்ல, எங்க சர்ச்சுலதான், பாடகர் குழுவுல இருந்தாவ. கனத்த குரலு. கரண்டு போஸ்ட் மேல நின்னுக்கிட்டு கீழ நிக்கவனுக்குக் கத்திக் கத்தி வளந்த தொண்டைல்லா? பாடுனா கோயில் டியூப் லைட்டு கிடுகிடுங்கும். சத்தத்துக்குக் கொறை இல்ல. ராகந்தான்... எப்படிச் சொல்ல? எல்லாரும் ஒரு ரோட்டுல போனா இவிய பக்கத்து வாய்க்கால்ல போவாவ. அதுவும் முழு வேகத்துல. கண்ணை மூடிக்கிட்டு. கைய விரிச்சுக்கிட்டு.

பன்னெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு கிறிஸ்மஸ் ஆராதனை. இவிய பாடுதாவ, ஊரே சிரிச்சுது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிடலாம்னு இருந்துச்சு. மறுநாளே நான் யாருக்கும் தெரியாம பாடகர் குழுத் தலைவர் எட்வின் சார் வீட்டுக்குப் போனேன். "சார், இவியளைப் பாட்டுலருந்து நிப்பாட்டிருங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதிய"ன்னேன். சாரும் மென்மையாத்தான் சொல்லியிருக்காவ, இளவட்டங்களுக்கு எடம் குடுக்கணும் பொன்சிங்னு. இவிய என்ன நெனச்சாவ? எட்வினுக்கு என் குரல் மேல பொறாமைன்னு நெனச்சிட்டாவ. அன்னையிலருந்து பன்னெண்டு வருசம் சாரு முகத்துல முழிக்கல. எதிர்ல வந்தா வண்டியைத் திருப்பிருவாவ. கோயிலுக்கு வருவாவ, கடைசி வரிசையில உக்காருவாவ, எல்லாரும் பாடும்போது வாயைத் தொறக்க மாட்டாவ. எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு. அவிய நல்லதுக்குத்தான செஞ்சேன்.

ஆனா மூணாவது நாளு அந்தக் குழாயையும் வாயையும் பாக்கும்போது, சரி, இதைச் சொல்லிருவோம்னு தோணிட்டு. அன்னைக்கு நெலைமையும் நல்லா இருந்துச்சு. முந்தின நாளு ஆக்சிஜன் எண்பத்தி ரெண்டுலயே நின்னு அழுதுக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்குப் போனா தொண்ணூத்தி நாலு! "மெஷின்ல அழுத்தத்தைக் கூட்டியிருக்கோம்மா, இப்பம் ஏறுது"ன்னாவ சிஸ்டர். தொண்ணூத்தி நாலுன்னா பாஸ்தான? இதான் சமயம்னு காதுகிட்ட குனிஞ்சேன். "ஏங்க, கோவிச்சுக்கிடாதிய. எட்வின் சார் பேர்ல குத்தம் இல்ல. உங்க பாட்டை நிப்பாட்டச் சொன்னது நாந்தான்."

சொல்லி வாயை மூடல. மணி அடிக்கு!

டிங் டிங் டிங்குன்னு செவப்பு லைட்டு. ரத்தப் பிரஷர் நூத்திப்பத்துலருந்து தொண்ணூறு, எண்பது, எழுவது. பாத்துக்கிட்டு இருக்கும்போதே படியில உருளுத தேங்கா மாதிரி எறங்குது. நாலு பேரு ஓடியாறாவ. திரையை இழுத்துட்டாவ. "வெளிய போங்கம்மா, வெளிய போங்க!"

வெளிய வந்து பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்தேன். இருவத்தேழு வருசம் அந்த மனுசனுக்குச் சோறு போட்டுட்டு, கடைசியில காதுல ஒரு வார்த்தையை ஊத்திக் கொன்னுட்டேனே. ஆண்டவரே, அந்த வார்த்தையைத் திருப்பி என் வாய்க்குள்ள போட்டுரும்னு கேட்டேன். அப்படிக் கேக்கலாமா? நான் கேட்டேன்.

அரை மணி நேரம் கழிச்சு டாக்டரம்மா வெளிய வந்தாவ. ரிஸ்வானான்னு பேரு. வயசு முப்பத்தஞ்சு இருக்கும், கண்ணுக்குக் கீழ கறுப்பு, தூங்கி எத்தனை நாளாச்சோ. நான் நேராப் போயி அவிய கையைப் பிடிச்சுக்கிட்டு, "டாக்டர், நாந்தான் கொன்னுட்டேன்"னேன்.

அவிய பயந்துட்டாவ. "என்னம்மா குடுத்தீங்க? வாயில ஏதாவது ஊத்துனீங்களா?"

"ஊத்தல டாக்டர். ஒரு சேதி சொல்லிட்டேன்."

"என்ன சேதி?"

சொன்னேன். பாடகர் குழு, எட்வின் சார், வாய்க்கால், எல்லாம் விவரமாச் சொன்னேன். அந்தப் புள்ள பொறுமையாக் கேட்டுச்சு தாயி. சிரிக்கல. உதட்டை மட்டும் ஒரு மாதிரி வச்சுக்கிட்டுச்சு. பிறவு சொன்னாவ, "அம்மா, அது உங்க பேச்சு இல்ல. எங்க காத்து."

எனக்கு வெளங்கல. மருந்துச் சீட்டுக்குப் பின்னால படம் போட்டுக் காட்டுனாவ. படத்துலயும் வெளங்கல. இப்பம் உன்னைய வச்சுச் சொன்னாத்தான் எனக்கே நல்லா வெளங்குது. நீ அப்படியே இரு. ஜன்னலோரத்து அக்கா ஒரு நுரையீரல். இந்தப் பக்கம் நான் ஒரு நுரையீரல். நடுவுல நீ இதயம். சரியா? நம்மள மாதிரி சாதாரணமா மூச்சு விடுதவங்களுக்கு நெஞ்சு தானா விரிஞ்சு காத்தை உள்ள இழுக்கும். அந்த இழுப்புலயே ரத்தமும் வந்து இதயத்துல சேந்துக்கிடும். ஆனா மெஷினுக்கு இழுக்கத் தெரியாது, தள்ளத்தான் தெரியும். இவியளுக்கு நுரையீரல் சுருங்கிச் சுருங்கி ஒட்டிக்கிட்டு வேற கெடக்கு. அதனால மூச்சு வெளிய போன பிறவும் கொஞ்சம் காத்தை உள்ளயே நிப்பாட்டி வைக்காவ, தொறந்தே இருக்கட்டும்னு. அதைக் கூட்டுனா நான் இப்படிப் பெருப்பேன். அந்தப் பக்கம் அக்காவும் பெருப்பாவ. நடுவுல நீ என்ன செய்வ? கையை அசைக்க முடியுதா? முடியாதுல்லா? வலிக்கா? சரி, சரி, தள்ளிக்கிடுதேன்.

அதோட போகல. இதயத்துல வலது பக்கம் இருக்குல்லா, அதுதான் ரத்தத்தை நுரையீரலுக்குள்ள தள்ளி விடுது. அங்க ஓடுத குழாயெல்லாம் நூலு மாதிரி மெல்லிசு. காத்தோட அழுத்தத்துல அதெல்லாம் நசுங்கிருது. வலது பக்கம் முக்குது, முக்குது, தள்ள முடியாம வீங்கிருது. வீங்கி, பக்கத்துல இருக்க இடது பக்கத்தை இடிக்குது. இடது பக்கத்துக்கு ரத்தமும் வரல, இருக்க எடமும் இல்ல. உடம்புக்கு எதை அனுப்பும்? அதான் பிரஷர் விழுந்திருக்கு. ஸ்கேன் வச்சுப் பாத்தாவளாம், வலது பக்கம் உப்பிக் கெடந்துச்சாம்.

காத்து இல்லன்னா மனுசன் சாவான்னு தெரியும். காத்து கூடுனாலும் ஆவாதுன்னு யாரு கண்டா?

"அப்பம் காத்தைக் கொறச்சிருங்க டாக்டர்"னேன்.

"கொறச்சா நுரையீரல் மறுபடி சுருங்கிடும்மா. கூட்டினா இதயம் தாங்கல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு. அதைத்தான் தேடிட்டிருக்கோம்."

எனக்கு அவிய மேல ஒரு சந்தேகம். நான் அழுவேன்னு பொய் சொல்லுதாவளோன்னு. "சத்தியமா என் பேச்சால இல்லியா?"ன்னு கேட்டேன். உள்ள போயி, மணிக்கு மணி எல்லாத்தையும் குறிச்சு வைக்க பெரிய தாளைக் கொண்டாந்து காட்டுனாவ. அழுத்தத்தைக் கூட்டுனது மூணே முக்கால். பிரஷர் எறங்க ஆரம்பிச்சது நாலு. நான் உள்ள போனது நாலு அஞ்சு. விரலை வச்சு வச்சுப் படிச்சேன். நான் உள்ள நுழையதுக்கு முன்னாலயே எறங்க ஆரம்பிச்சிருக்கு!

அப்பம் வந்துச்சு பாரு எனக்கு ஒரு சந்தோசம். புருசன் உள்ள சாகக் கெடக்கான், வெளிய நின்னு நான் சிரிக்கேன். பக்கத்துல உக்காந்திருந்த ஆளுங்க எல்லாம் பாவம், புத்தி பெரண்டு போச்சுன்னு பாக்காவ. ஆனா உன்கிட்ட சொல்லுதேன் தாயி, நான் சொன்னதும்தான மணி அடிச்சுது? கொஞ்சமாவது உறைச்சிருக்கும். டாக்டருக்கு மெஷின் தெரியும், எங்க வீட்டுக்காரவியளை எனக்குத்தான தெரியும்?

சரி, அதை விடு. பிறவு என்ன செஞ்சாவன்னா, காத்து அழுத்தத்தைப் பாதியாக் கொறச்சாவ. ஒவ்வொரு மூச்சையும் சின்னச் சின்ன மூச்சா மாத்துனாவ. பிரஷருக்கு மருந்து ஏத்துனாவ. அதோட ஆளைக் கவுத்துப் போட்டுட்டாவ! ஆமா, கவுத்துதான். ஆறு பேரு சேந்து. அமலோற்பவம் சிஸ்டர் தலைமாட்டுல நின்னு தொண்டைக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ண, அவ்வளவு பெரிய உடம்பை ஒரு வயரு அறாம, ஒரு ஊசி கழறாம, தோசையைத் திருப்புனாப்ல திருப்பிட்டாவ. கண்ணாடி வழியாப் பாத்தேன். கை தட்டிட்டேன். வாட்ச்மேன் வந்து, "அம்மா, இது ஐ.சி.யூ."ன்னாரு.

மனுசனுக்கு நுரையீரல்ல பாதி முதுகுப் பக்கந்தான் இருக்காம். மல்லாக்கப் படுத்துக் கெடந்தா அது அமுங்கி மூடிக்கிடும். கவுத்துட்டா அது தொறக்கும். தொறந்துட்டா காத்தைப் போட்டு அழுத்த வேண்டாம். அழுத்த வேண்டாம்னா இதயத்துக்குப் பாரம் இல்ல. பதினாறு மணி நேரம் குப்புறக் கெடந்தாவ.

மறுநாள் காலையில டாக்டரம்மா வாசல்ல தலையை நீட்டி, "பிரஷர் நூத்திப் பதினஞ்சு. ஆக்சிஜன் தொண்ணூத்தி அஞ்சு. இதயத்தோட வலது பக்க வீக்கம் வத்திட்டு வருது"ன்னாவ. நான் பக்கத்துல யாரு நிக்காவன்னு பாக்காம கட்டிப் பிடிச்சுட்டேன். பாத்தா வாட்ச்மேன். அவரு பாவம், தொப்பி விழுந்து போச்சு. பிறவு ரெண்டு நாளைக்கு என்னையக் கண்டா தூணுக்குப் பின்னால போயிருவாரு.

மூணு நாளு கவுத்துப் போட்டுப் போட்டு எடுத்தாவ. எனக்கு அந்த நம்பரெல்லாம் மனப்பாடம். பெஞ்சுல உக்காந்திருக்கவியளுக்கெல்லாம் நாந்தான் வெளக்கம் சொல்லுவேன். ஒம்பதாவது நாளு குழாயை எடுத்தாவ. தகரத்தைத் தரையில இழுத்தாப்ல ஒரு சத்தம் வந்துச்சு தொண்டையிலருந்து. "தண்ணி"ன்னாவ. அந்த ஒரு வார்த்தைக்கு நான் அழுதேன் பாரு, கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி அழல.

அதோட நான் சும்மா இருந்திருக்கலாம்னு நீ நெனைப்ப. எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. எப்படி இருக்க முடியும்? அந்தச் சேதி காதுல விழுந்துச்சா விழலியான்னு தெரியாம எனக்கு இருப்புக் கொள்ளல. வார்டுக்கு வந்து நல்லா சாஞ்சு உக்காந்து, கஞ்சி குடிக்க ஆரம்பிச்ச பிறவு மெல்லக் கேட்டேன். "மயக்கத்துல ஏதும் சத்தம் கேட்டுச்சா?"

யோசிச்சாவ. "யாரோ பேசிக்கிட்டே இருந்தா. நிப்பாட்டவே இல்ல. அதைக் கேக்க முடியாமத்தான் முழிச்சேன்"னாவ.

"என்ன பேசுனான்னு தெரியுமா?"

"வழுக்கைத் தலையன் ஒருத்தனைப் பத்தி."

அப்பம் கேக்கல! எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் அடடா வீணாப் போச்சேன்னு இருந்துச்சு. சரி, சாவைத் தாண்டி வந்த மனுசன், இதையா தாங்க மாட்டாவன்னு, கஞ்சிக் கிண்ணத்தைக் கீழ வச்சுட்டு மறுபடியும் சொல்லிட்டேன்.

என்னையப் பாத்தாவ. மூஞ்சி செவக்குது, கழுத்து நரம்பு பொடைக்குது. அந்த நேரம் பாத்து அமலோற்பவம் சிஸ்டர் சும்மா பாத்துட்டுப் போக வார்டுக்கு வந்தாவ, பிரஷர் பாத்தா நூத்தி எழுவது! "ஏம்மா, மறுபடியும் அந்தப் பாட்டுக் கதையையா சொன்னிய?"ன்னு என்னையப் பிடிச்சு ஒரு சத்தம் போட்டாவ. நான் சிரிக்கேன். என்னால அடக்க முடியல தாயி. எழுவதுல கெடந்த இதயம்! தள்ள முடியாம வீங்கிக் கெடந்த இதயம்! இப்பம் என் மேல கோவப்பட்டு நூத்தி எழுவதுக்குத் தள்ளுது! "சிஸ்டர், நல்லா வேலை செய்யுதுல்லா?"ன்னு கேட்டேன். அவிய தலையில அடிச்சுக்கிட்டுப் போயிட்டாவ.

சிஸ்டர் போன பிறவு இவிய வாயைத் தொறந்தாவ. கத்துவாவன்னு நெனச்சேன். கத்தல. அந்தத் தகரக் குரல்ல மெதுவாச் சொன்னாவ. "எனக்குப் பாடத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்ட்டி. போஸ்ட்டுல தொங்குறவன் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு தொங்குதான். ஞாயித்துக்கெழமை ஒரு நாளு வாயைத் தொறந்து பாடுனா நெஞ்சுல ஒரு பாரம் எறங்கும். அதுக்குத்தான் பாடுனேன். அழகுன்னு யாரு சொன்னா?"

அவ்வளவுதான். அதுக்குப் பிறவு நாலு நாளா ஒரு வார்த்தை இல்ல.

இதுல என்ன இருக்கு? தெரியாதுன்னு தெரிஞ்சா பாடாம இருக்கலாம்லா? நான் சொல்லது நியாயமா இல்லியா, நீயே சொல்லு. என்னமோ, அன்னைக்கு மத்தியானம் எனக்குச் சோறு எறங்கல. வெயிலா இருக்கும்.

இதுல கூத்து என்னன்னா, முந்தாநாளு எட்வின் சார் பாக்க வந்துட்டாவ. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கிட்டு, வாசல்ல நின்னு உள்ள வரலாமா வேண்டாமான்னு தயங்குதாவ. இவிய, "வாரும்வே எட்வின்"னாவ. பன்னெண்டு வருசம் கழிச்சு! நான் ஒருத்தி அங்க நிக்கதே ரெண்டு பேருக்கும் தெரியல. கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாவ. சாரு சொல்லுதாவ, "யாரும் சிரிக்கல பொன்சிங். உம்ம வீட்டம்மாதான் வந்து ஊரே சிரிக்குன்னு சொன்னாவ." சாரு முன்னால நின்னு பாட்டுக்குக் கையாட்டுறவிய, பின்னால சிரிக்கது அவியளுக்கு எப்படித் தெரியும்? என் தங்கச்சி பிள்ளைங்க ரெண்டு பேரும் மெட்ராஸ்லருந்து லீவுக்கு வந்து என் பக்கத்துல உக்காந்து சிரிச்சுதுக, என் காதால கேட்டேன். அது ஊரு இல்லியா?

ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டாவ, எதிரி நான். சேத்து வச்சது யாரு? நான் அந்தச் சேதியைச் சொல்லலன்னா சேந்திருப்பாவளா? ஒரு நன்றி உண்டா?

இன்னைக்குக் காலையில டிஸ்சார்ஜ். டாக்டரம்மா மறுபடி ஸ்கேன் பண்ணிட்டு, இதயம் முழுசா பழைய மாதிரி ஆயிட்டு, நுரையீரலுக்குத்தான் இன்னும் ஆறு மாசம் பிடிக்கும்னாவ. படியேறாதிய, கனம் தூக்காதிய, கத்திப் பேசாதிய, மூச்சு பத்தாதுன்னாவ. மூணு பந்து போட்ட ஒரு டப்பா குடுத்து மூச்சை இழுக்கச் சொன்னாவ. இவிய இழுத்தாவ, ஒரு பந்து எழும்புச்சு, ரெண்டாவது ஆடுச்சு. பிறவு அந்தப் புள்ள என்னைய ஒரு பார்வை பாத்துட்டு இவியகிட்ட கேட்டுச்சு. "உங்களுக்குப் பாட்டுப் பாடுற பழக்கம் உண்டுல்ல சார்? மெதுவா ஆரம்பிங்க. ஒரு மாசம் கழிச்சு, தினமும் அரை மணி நேரம் வாய்விட்டுப் பாடுங்க. நுரையீரலுக்கு நல்ல பயிற்சி."

சீட்டுல எழுதியும் குடுத்துட்டாவ! மாத்திரைக்குக் கீழ, கையெழுத்து முத்திரையோட! இவிய அதை வாங்கி ரெண்டு தடவை படிச்சாவ. மடிச்சுச் சட்டைப் பையில வச்சாவ. எக்ஸ்ரே கவருக்குள்ள வைக்கல பாத்துக்கோ. சட்டைப் பையில. எட்வின் சாருக்குப் போன் போட்டு வாசிச்சுக் காட்டுனாவ.

பாடட்டும் தாயி. தெனமும் அரை மணி நேரந்தான? நான் கொல்லைப்பக்கம் போயிருவேன். இல்ல... போக மாட்டேன்னு நெனைக்கேன். அந்த ஒம்பது நாளு மெஷின் சத்தத்தைக் கேட்டவ, இதைக் கேக்க மாட்டேனா? கோயில்ல பாடுனாலும் நான் முன்னால போயி உக்காருவேன். எவளாவது சிரிச்சா திரும்பிப் பாத்துக்கிடுதேன்.

என்ன, தென்திருப்பேரை தாண்டிட்டா? அதுக்குள்ளயா? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே. அந்தா பாரு, எந்திரிக்காவ. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சிட்டாவ. ஒத்தைக் கையில கவரு. பஸ்ஸு இந்த ஆட்டம் ஆடுது, ஆளு ஆடல பாத்தியா? மூச்சு எரைக்குதா? எனக்கு இங்கருந்து தெரியல, உனக்குத் தெரியுதா? எரைக்கல. எரைக்கல! என்னைய விட்டுட்டு எறங்கிருவாவன்னு நெனைக்கேன், அந்த வீம்பு உண்டு. இல்ல, திரும்புதாவ. இங்க பாக்காவ. வாயைத் தொறக்காவ தாயி...

"ஏட்டி மேபலு! குரும்பூர் வந்தாச்சு, எறங்கு! அந்தப் புள்ளைய இனியாவது கொஞ்சம் மூச்சு விட விடுட்டி!"

கேட்டியா? கேட்டியா தாயி! டிரைவர் சீட்டுலருந்து இது வரைக்கும்! பஸ்ஸே திரும்பிப் பாக்கு! நடுவுல எங்கயும் நிக்கல, அறுபடல, அம்புட்டும் ஒரே மூச்சு! ஆறு மாசமாம்! டாக்டரம்மா கேக்கணும் இதை! வாறேன் தாயி, வாறேன், அந்தப் பழத்தை நீயே வச்சுக்கோ.

இந்தா வந்துட்டேங்க! எங்க, இன்னொருக்கா கூப்புடுங்க!